பின்தங்கிய மணிக்கூடு

தேநீருக்குச் சீனி வேண்டாம், இன்ஸ்பெக்டர் சேர். நான் சுன்னாகத்தில் கணினி திருத்துகிறவன். ஆறுதலாகச் சொன்னால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

என் மனைவி நேசமலர் உடுவிலில் ஜெபக்கூட்டம் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். சந்திக்கு வருவதற்குச் சற்று முன் ஏதோ ஒரு வாகனம் அவளை அடித்துவிட்டு நிற்காமல் போனது. அன்றிரவே இறந்துவிட்டாள். ஆறு மணிச் செய்தி தொடங்கும்போது சத்தம் கேட்டதாக அயலவர்கள் சொன்னார்கள். சந்தியில் ஆழ்வாப்பிள்ளை கடைக் கமெராவில் ஆறு மணிக்கு ஒரே ஒரு வாகனம் போகிறது. வெங்காயம் ஏற்றும் டினேசின் சின்ன லொறி.

டினேஸ் தன் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டர் கொட்டிலில் நின்றான். படத்தைக் கைபேசியில் காட்டினேன்.

“அண்ணை, ஆறு மணிக்கு நான் சந்தையிலை மூட்டை ஏத்திக்கொண்டு நிண்டனான். நான் உந்த ரோட்டாலை வரேக்கை அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோட்டினம்.”

“அப்ப கமெரா பொய் சொல்லுதோ?”

“மணிக்கூடு பிழையா இருக்கும், அண்ணை. உங்களுக்குத் தெரியாததே?”

இரும்புக் குழாயால் முதலில் முழங்காலில் அடித்தேன், ஓடாமல் இருக்க. பிறகு வாயில். அவன் கதைத்துக்கொண்டே இருந்தது எனக்குக் குழப்பமாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் கதைக்கவில்லை. நான் நிறுத்தவுமில்லை. முடிந்ததும் வாய்க்காலில் கையைக் கழுவினேன். தண்ணீர் வீணாகப் போகிறதே என்று மோட்டரையும் நிறுத்திவிட்டு வந்தேன்.

மணிக்கூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். கமெராப் படத்தைப் பதிகிற பெட்டிக்குள் ஒரு சின்னப் பளிங்குத் துண்டு துடிக்கிறது. துடிப்பை எண்ணித்தான் பெட்டி நேரம் சொல்கிறது. தகரக் கூரையின் கீழ் வெக்கையில் துடிப்பு மந்தமாகும். வயது போகப்போகவும் மாறும். இணைய இணைப்பு இல்லாத பெட்டியை யாரும் இடைக்கிடை திருத்தாவிட்டால், வருசத்துக்கு வருசம் பின்தங்கிக்கொண்டே போகும். அதைக் கடையில் பொருத்திக் கொடுத்தவனே நான்தான்.

ஓம், சரிபார்த்தேன். டினேசிடம் போவதற்கு முதல் நாள். அரை மணித்தியாலத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. கணக்குப் பார்த்து, படத்தைப் பின்னுக்கு ஓட்டினேன். உண்மையான ஆறு மணியில் ரோட்டில் ஒரு வாகனமும் இல்லை. அடித்தவன் மற்றப் பக்கத்தால் வந்து அப்படியே திரும்பியிருக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு நாய் குறுக்கே போனது. அவ்வளவுதான்.

அந்த வெறும் ரோட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சேர்? டினேசுக்கு ஒரு முகமாவது இருந்தது.