நல்லா இருக்கேன்

செல்விக்கு எதையும் நீளமாக எழுதித்தான் பழக்கம், மேடம். போனில் தட்டினாலும் கடிதம் மாதிரிதான் இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

நான் மொபைல் செயலிகள் எழுதுகிறவன். வில்லாபுரத்தில் மாடி வீடு, வீட்டிலிருந்தே வேலை. கல்யாணமான மூன்றாம் மாதம் அவளை ஜவுளிக்கடை வேலையிலிருந்து நிறுத்தினேன். பஸ் நெரிசலில் அவள் ஏன் கஷ்டப்பட வேண்டும்? பிறகு அவள் போனிலிருந்து சிம்மை எடுத்தேன். மாடிப்படி கிரில் கேட்டின் சாவியை நான் வைத்துக்கொண்டது அதற்கும் பிறகு. பூட்டி வைத்தேன் என்று கீழ்வீட்டுக்காரர்கள் உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். வைஃபை இருந்ததே, மேடம்.

அவளுக்கு ஒரே அண்ணன், மலையாண்டி. உசிலம்பட்டிப் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருக்கிறார். தங்கச்சியிடமிருந்து ஒரு வார்த்தையும் வராவிட்டால் அன்றைக்கே பைக்கை எடுத்துவிடுவார். அதற்காக அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள நானே ஒரு செயலி செய்து கொடுத்தேன். அவள் போனில் அது ஒன்றுதான் வேலை செய்யும். அவள் எழுதுவது முதலில் எனக்கு வரும். பிறகுதான் அவருக்குப் போகும்.

ஒரு வாக்கியத்தில் எங்கிருந்து எதுவரை வேண்டும் என்று இரண்டு எண்கள் கொடுத்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துத் தரும் கட்டளை ஒன்று உண்டு. செயலி எழுதுகிறவர்கள் தினமும் பயன்படுத்துவதுதான். செல்வி எழுதினாள்: "நான் நல்லா இருக்கேன்னு நெனைக்காதண்ணே, வெளிய விட மாட்டேங்கிறாரு." அண்ணனுக்குப் போனது: "நான் நல்லா இருக்கேன்."

இன்னொரு நாள்: "ஒரு நாளாவது இவரு என்னை நல்லா பாத்துக்கிறாருன்னு சொல்ல முடியுமாண்ணே?" அதில் முன்னாலும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. "இவரு என்னை நல்லா பாத்துக்கிறாரு" என்று போயிற்று. நான் ஒரு எழுத்தைக்கூடச் சேர்க்கவில்லை. எல்லாம் அவள் எழுதியதுதான்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. வரிசையில் நிற்கிறபோது யாரிடமாவது பேச்சுக் கொடுப்பாள். நாலாம் நாள் ஈறில் ரத்தம் கசிந்தது. அன்று காலை மலையாண்டி எனக்கு போன் செய்தார்.

"மாப்ள, பூ போட மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வந்தேன். தங்கச்சிக்குக் காச்சலுன்னியளே, ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்."

"தூங்குது மச்சான். எந்திரிச்சதும் மெசேஜ் போடச் சொல்றேன்" என்றேன்.

அண்ணன் பக்கத்தில் இருப்பதை அவளிடம் சொன்னேன். மறைக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் தட்டினாள்: "காய்ச்சல் கொறைஞ்சிருச்சுன்னு இவரு சொன்னா நம்பாதண்ணே. என்னைக் கூட்டிட்டுப் போயிரு."

அவருக்குப் போனது: "காய்ச்சல் கொறைஞ்சிருச்சு."

உடனே பதில் வந்தது: "சந்தோசம்த்தா. அப்ப நான் ஊருக்குத் திரும்புறேன்."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே முழுசாப் படிச்சிச்சா?"

"படிச்சிருச்சு" என்றேன்.

அதன் பிறகு அவள் யாருக்கும் எழுதவில்லை. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் மதியம் மூச்சு நின்றுவிட்டது. ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

உடலை எடுப்பதற்கு முன் மலையாண்டி அவள் போனைக் கையில் எடுத்தார். தன் போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மாப்ள, இதுல இம்புட்டு எழுதிருக்கு. எனக்கு வந்தது ரெண்டே வார்த்தைதானே? மிச்சம் எங்க போச்சு?" கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். அப்போதுதான் அடித்தார்.

இப்போது என் வக்கீல் ஒரு வழி சொல்கிறார். செயலியில் கோளாறு, நீளமான செய்தி தானாக வெட்டுப்பட்டுவிட்டது என்று சொன்னால் தண்டனை குறையுமாம். மாட்டேன் என்றுவிட்டேன். என் வேலையில் கோளாறு கிடையாது. எதுவும் தானாக வெட்டுப்படவில்லை. மொத்தம் நூற்றுப் பதினாறு செய்திகள். ஒவ்வொன்றுக்கும் அந்த இரண்டு எண்களை நானே எண்ணிப் போட்டேன். கடைசிச் செய்திக்கும் நான்தான் போட்டேன். அண்ணன் வந்தால் பிழைத்துக்கொள்வாள், பிறகு என்னிடம் திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்தே போட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் எழுதியதில் ஒன்றையும் அழிக்கவில்லை, மேடம். முழுதாக என் கணினியில் இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், பெண்டாட்டி சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் இவ்வளவு கவனமாகக் கேட்ட புருஷன் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறான்?