இருகரைச் சிட்டு

— ஆகவே, மாண்புமிகு குழுவினரே, நீங்கள் அமர்ந்திருக்கும் இப்படகின் இடப்புறம் கிழக்கு, வலப்புறம் மேற்கு. கிழக்கே வறண்ட முள்காடு. மேற்கே ஈரம் சொட்டும் பெருங்காடு. இரண்டு உலகங்களும் இந்த ஆற்றின் நடுவேதான் கைகோக்கின்றன... என்னப்பா, கைகோக்கின்றனன்னு வைக்கலாமா, கட்டித் தழுவுகின்றனன்னு வைக்கலாமா?

— எதை வேணா வைங்க தலைவரே. படகைத் திருப்பிக் கட்டியிருக்கேன். இப்ப இடப்புறம் மேற்கு.

— அப்ப மறுபடி திருப்பு. ஒம்பது மணிக்கு அவங்க மோட்டார் படகு வந்துடும். ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருத்தர், அணைக்கட்டு இன்ஜினியர் ஒருத்தர், பறவை ஆராய்ச்சி பண்ற அம்மா ஒருத்தங்க. பன்னண்டு மணி வரைக்கும்தான் உக்காருவாங்க. அதுக்குள்ள இருகரைச் சிட்டு ஒரே ஒரு தடவை கூவிட்டா இந்தப் பள்ளத்தாக்கு பொழைச்சுது. இல்லைன்னா அணைக் கதவை மூடிக்கலாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க.

— தெரியும். முழுகப்போறது என் வீடு.

— உன் வீடு மட்டுமா, என் ஒம்பது வருஷ உழைப்பு. பறவைச் சங்கம் ஊருக்கு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஒரு தலைவனும் இருப்பான். சொந்தமா ஒரு பறவையைக் கண்டுபிடிச்ச தலைவன் எத்தனை பேரு? ஏன் வாயில துண்டைக் கட்டிக்கிட்டுப் பேசறே, பாதி விளங்கலை.

— பல்லு புடுங்கியிருக்கு. முன்பல்லு ரெண்டு. வியாழக்கிழமை.

— அதனால என்ன. பல்லாலயா துடுப்பு போடப்போறே.

— துடுப்பு போட்டுடலாம் தலைவரே. விசில்தான் அடிக்க முடியாது.

— உன்னை யாருப்பா விசிலடிக்கச் சொன்னா?

— யாரும் சொல்லலை. ஒம்பது வருஷமா நானாத்தான் அடிச்சேன்.

— என்ன உளர்றே.

— மூணு தடவை விட்டு விட்டு, கடைசியில ஒரு இழுப்பு, மேல தூக்கி. அந்த மூணும் கிழக்குக் கரைச் சிட்டு கூவறது. கடைசி இழுப்பு மேற்குக் கரைச் சிட்டு கூவறது. ரெண்டையும் சேர்த்துக் கூவற குருவின்னு நீங்க பேர் வெச்சீங்களே, அது நான்.

— காலங்காத்தால குடிச்சிருக்கியா?

— ஒரு வாரம் தொடக்கூடாதுன்னு பல் டாக்டர் சொல்லிட்டார். உங்ககிட்ட இதைச் சொல்லணும்னா கொஞ்சம் குடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

— பதினாலாம் நம்பர் ஒலிப்பதிவு? மழையில நனைஞ்சுக்கிட்டு எடுத்தேனே. அதைப் பத்தி மட்டும் புஸ்தகத்துல நாலு பக்கம். ‘மழைக்காலத்தில் இதன் குரல் கம்முகிறது, ஏக்கம் கூடுகிறது’ன்னு.

— அன்னைக்கு எனக்கு ஜலதோஷம்.

— முப்பத்தெட்டாம் பதிவு? ஜோடி தேடற பருவம். குரல்ல அப்படி ஒரு நடுக்கம்.

— உங்க பிளாஸ்க்குல இருந்த டீயைக் குடிச்சேன். நாக்கு வெந்துபோச்சு.

— குரல் எதிர்ப் பாறைப் பக்கமிருந்து வந்துச்சுப்பா. என் காதை நான் நம்பாம யாரு நம்பறது.

— நீங்க முன்னால உக்காந்து பைனாகுலர்ல முன்னாலயே பார்ப்பீங்க. நான் பின்னால. இங்கேருந்து அடிச்சா அந்தப் பாறையில பட்டு அங்கேருந்து வர்ற மாதிரி கேக்கும். நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திரும்பிப் பார்த்திருக்கலாம்.

— வேற படகுல போனவங்களுக்குக் கேக்கவே இல்லை. இருபது பேராவது போயிருப்பாங்க.

— அவங்களைப் ‘பொறுமையற்ற செவிகள்’னு எழுதினீங்க. படிச்சுக் காட்டினீங்களே.

— உன் படகு ராசியான படகுன்னு நினைச்சேன்.

— அதையும் எழுதினீங்க.

— புஸ்தகத்துல படம் வேற இருக்கு. மஞ்சள் மார்பு, பழுப்பு வாலு.

— அது யாரு பார்த்து வரைஞ்சது?

— என் மச்சினன். அவன் பார்க்கலை, நான் சொல்லச் சொல்ல வரைஞ்சான். நானும் பார்க்கலை. ‘மிகுந்த கூச்ச சுபாவம் கொண்டது, எளிதில் கண்ணில் படாது’ன்னு கீழே போட்டோம்.

— அது ஒண்ணுதான் சரியா எழுதியிருக்கீங்க. நான் நாலு பேருக்கு முன்னால பேசமாட்டேன்.

— ஏன்ப்பா இப்படிப் பண்ணினே?

— முதல் வருஷம் நீங்க வந்து பத்து நாள் சுத்தினீங்க. கவுதாரி, மீன்கொத்தி, மரங்கொத்தின்னு எல்லாருக்கும் கிடைக்கறதுதான் உங்களுக்கும் கிடைச்சுது. பத்தாம் நாள் சாயங்காலம் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அழுதீங்க. தொப்பி மட்டும் குலுங்கிச்சு. முப்பது வருஷம் ஆபீஸ்ல அடுத்தவன் எழுதின ஃபைல்ல கையெழுத்து போட்டேன், என் பேர் சொல்ல ஒரு துரும்பு இல்லைன்னீங்க. பெரிய மனுஷன் அழுதா எனக்குத் தாங்காது. மறுநாள் காலையில அடிச்சேன். நீங்க துள்ளி எழுந்து படகையே கவுக்கப் பார்த்தீங்க.

— ஒரு நாளோட நிறுத்தியிருக்கலாமே.

— எப்படி நிறுத்தறது? புஸ்தகம் வந்துச்சு, கேடயம் வந்துச்சு. வருஷம் ரெண்டு தடவை நீங்க வந்து, ‘என்னப்பா, நம்மாளு சௌக்கியமா’ன்னு கேப்பீங்க. சௌக்கியம்னு சொல்லிப் பழகிட்டேன். அப்புறம் அணை வந்துச்சு. கேஸ் வந்துச்சு.

— கேஸ் போட்டப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்.

— திறக்கத்தான் வந்தேன். அன்னைக்கு வக்கீல் ஆபீஸ்ல நானும் ஓரமா நின்னேன், உங்களுக்கு ஞாபகம் இருக்காது. மனுவுல அவர் மூணு விஷயம் எழுதியிருந்தார். நானூத்திப் பன்னண்டு வீடு. எங்க இடுகாடு. குருவி. முதல் ரெண்டையும் அடிச்சுடுங்கன்னு நீங்க சொன்னீங்க.

— மனு வலுவா இருக்கணும்னுதான்.

— ‘வீடும் இடுகாடும் எல்லா ஊர்லயும் இருக்கு, இந்தப் பறவை உலகத்துலயே இங்க மட்டும்தான்’னீங்க. வாசல்ல எங்க ஊர்க்காரங்க அத்தனை பேரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன் தலைவரே. எங்க அம்மாவைப் புதைச்ச மேட்டை விட என் விசில் ஒசத்தின்னு நானே கை தட்டினேன்.

— அதை இப்ப சேர்க்க முடியாது. கெடு போன மாசமே முடிஞ்சுபோச்சு.

— வக்கீலும் அதான் சொன்னார்.

— மத்த பறவைங்க இருக்கே. இருநூத்துப் பதினோரு பறவைக்குப் பட்டியல் போட்டிருக்கேன்.

— அதுல கீழே என்ன எழுதியிருக்கீங்க?

— ‘ஏனையவை எங்கும் காணப்படும் சாதாரணப் பறவைகள்’.

— இன்ஜினியர் அந்த வரியைச் சிவப்புல கோடு போட்டு வெச்சிருக்காராம்.

— வேற யாரையாவது அடிக்கச் சொல்லேன். இவ்வளவு பெரிய ஊர்ல ஒரு வாய் கிடைக்காதா.

— என் மச்சான் அடிச்சா குக்கர் மாதிரி இருக்கு. என் சம்சாரம் வியாழக்கிழமையிலேர்ந்து பழகறா, சோறு தண்ணி இல்லாம. வெறும் காத்துதான் வருது. நேத்து அடுப்படியில உக்காந்து அழுதுட்டா.

— போன்ல பழைய பதிவை ஓட விட்டுட்டு, எங்கேயாவது புதருக்குள்ள வெச்சுட்டா?

— நீங்களா தலைவரே இதைச் சொல்றது? நாப்பத்தாறு பதிவையும் மனுவோட கொடுத்திருக்கீங்க. அந்த அம்மா அத்தனையும் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கும். தும்மினா எத்தனாம் நம்பர்னு சொல்லும்.

— இனிமே சங்கத்துக்குள்ள நான் எந்த முகத்தோட நுழைவேன்.

— உங்களுக்காவது நுழையறதுக்கு ஒரு கதவு இருக்கும். என் கதவுக்கு மேல நாப்பதடி தண்ணி நிக்கும்.

— மோட்டார் சத்தம் கேக்குதா?

— கேக்குது. கீழ் வளைவுல வர்றாங்க. இங்க வந்து சேர பத்து நிமிஷம் ஆகும்.

— இந்தப் பேட்ஜைக் கழட்டிக் கொடு, ஊக்கு சட்டையில மாட்டிக்கிச்சு. ‘தலைவர்’னு போட்டுக்கிட்டு அவங்க எதிர்ல நிக்க முடியாது.

— இருங்க. ஒரு விஷயம் இருக்கு. உதவுமா தெரியலை.

— என்ன?

— அந்த விசிலை நானா ஜோடிக்கலை. எனக்கு அவ்வளவு மூளை ஏது. ஒரு நாள் நிஜமாவே கேட்டேன்.

— எதைக் கேட்டே?

— இருகரைச் சிட்டை. மூணு, அப்புறம் ஒரு இழுப்பு. பொறந்ததுலேர்ந்து இந்த ஆத்துல கிடக்கேன், அதுக்கு முன்னால கேட்டதில்லை, அதுக்கப்புறமும் கேட்டதில்லை. அதைத்தான் நான் அப்படியே திருப்பி அடிச்சேன்.

— சத்தியமா?

— என் பொண்ணு மேல சத்தியமா.

— அடப்பாவி, இதை முதல்ல சொல்லியிருக்கக் கூடாதா. அப்ப பறவை இருக்குப்பா. ஒண்ணு கூவிச்சுன்னா எங்கேயோ ஒரு ஜோடி இருந்திருக்கணும். அந்தப் பேனாவை எடு. ‘மாண்புமிகு குழுவினரே, இந்த ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த ஓர் எளிய மனிதரின் செவி...’ உன்னை முதல் சாட்சியா நிறுத்தறேன். என் பதிவெல்லாம் தப்புன்னு நானே ஒத்துக்கறேன், போகட்டும். ஆனா நீ கேட்டது கேட்டதுதானே. இன்னொரு பருவம் தேடிப் பார்க்கணும்னு அந்த அம்மா சொல்லிட்டா ஒரு வருஷம் அவகாசம் கிடைக்கும். அதுக்குள்ள வீட்டையும் இடுகாட்டையும் மனுவுல திரும்ப ஏத்திடலாம்.

— நிஜமாவா தலைவரே. வீட்டையுமா?

— நானூத்திப் பன்னண்டையும். சொல்லு, தேதி, இடம், நேரம். அறிவியல்பூர்வமா சொல்லணும், குறுக்குக் கேள்வி கேப்பாங்க.

— நீங்க அழுதீங்களே, அன்னைக்குக் காலையில. மேல் வளைவு, மேற்குக் கரை நாணல். வெயில் இன்னும் ஏறலை. படகுல நான் மட்டும்தான்.

— நான் எங்க போனேன்?

— வயித்தைக் கலக்குதுன்னு சொல்லிட்டுக் கரையில ஒதுங்கினீங்க.

— எவ்வளவு நேரம் கூவிச்சு?

— கால் மணி நேரம் இருக்கும். மூணு, ஒரு இழுப்பு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூணு, ஒரு இழுப்பு. நீங்க நாணலை விலக்கிக்கிட்டு வந்தீங்க, அதோட நின்னுடுச்சு. உங்க பூட்ஸ் சத்தத்துக்குப் பயந்து பறந்திருக்கும்னு நினைச்சேன். என்ன தலைவரே, எழுதறதை நிறுத்திட்டீங்க? வந்துட்டாங்க, அந்த அம்மா எழுந்து நின்னு கை காட்டறாங்க. இவ்வளவு சொன்னா போதுமா, இன்னும் ஏதாவது சேர்க்கணுமா?

— எனக்கு வயிறு நல்லாத்தான்ப்பா இருந்துச்சு. சங்கத் தலைவன் விசிலடிக்கறதை ஒரு படகுக்காரன் பார்க்கக் கூடாதுன்னுதான் நாணலுக்குள்ள போனேன். கிழக்குக் கரைச் சிட்டு மாதிரி மூணு, கையோட மேற்குக் கரைச் சிட்டு மாதிரி ஒரு இழுப்பு, ரெண்டுல ஒண்ணாவது எனக்குப் பதில் சொல்லாதான்னு.