பறக்கும் நேரம் நாற்பது நிமிடம்

எங்கள் ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது, ஐயா. விமான நிலையக் கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு அது தலையெழுத்து. சாலையில் போனால் மலையைச் சுற்றவே ஒரு பகல் போய்விடும். விமானத்தில் நாற்பது நிமிடம். சக்கரம் எழும்பியதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை உள்ள கணக்கு அது. முன்னும் பின்னும் காத்திருக்கும் நேரத்தை யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

என் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இல்லாமல் கால் மணி நேரம் தாங்கமாட்டான். அவனை நான் வெறுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். என்னைப் படிக்கவைத்தவன் அவன்தான். அவனைப் பார்த்தால் எனக்குக் குமட்டியது, அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையிலேயே சளியை இழுத்துத் துப்புவான். துப்புவதற்கு என் காபிக் கோப்பையை எடுத்து வைத்துக்கொண்டான். நான் முகம் சுளித்தால் சிரிப்பான்.

"ஒரே வயித்துல பொறந்தோம்டா. உனக்கென்ன அருவருப்பு?"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு ஆடவில்லை. அவன் இருமினால் அந்தக் கோழை என் தொண்டையில் வந்து நிற்கும். சோறு இறங்காது. ஒன்றரை வருடம் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்ததும் பயண ஏற்பாடு என் தலையில் விழுந்தது. சிலிண்டர் கடைக்காரர் கேட்டார். "எவ்வளவு நேரத்துக்கு வேணும் சார்?"

"பறக்கிறது நாப்பது நிமிஷம். ஒரு மணி நேரத்துக்கு இருக்கட்டும்."

கூடவே இருந்த அண்ணிக்கு மனம் கேட்கவில்லை. "எதுக்கும் இன்னொன்னு வாங்கி வச்சுக்கலாமே, தம்பி."

"ஒன்னுக்கு மேல விமானத்துல விடமாட்டாங்க, அண்ணி."

அப்படி ஒரு விதி கிடையாது. விமான நிலையத்தில் வேலை பார்ப்பவன் சொன்னால் அது விதிதானே.

ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் விமான நிலையத்தில் படிக்கட்டு வண்டி ஒன்றே ஒன்று. பெரிய விமானம் வந்து நின்றால் வண்டி முதலில் அங்கே போகும். எங்கள் ஊரிலிருந்து சின்ன விமானத்தில் வந்தவர்கள் வண்டி வந்து கதவு திறக்கும்வரை உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். பெரிய விமானம் எப்போது வரும் என்பது எனக்கு மனப்பாடம். அதே நேரத்தில் போய் இறங்கும் மதிய விமானத்தில் எங்கள் மூவருக்கும் டிக்கெட் போட்டேன். எங்கள் ஊரில் கிளம்பும்போது அண்ணனை முதல் ஆளாக ஏற்றி உட்காரவைக்கச் சொன்னேன். சிலிண்டர் அப்போதே ஓடத் தொடங்கிவிட்டது. நோயாளிக்குச் சலுகை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

தரையிறங்கியபோது சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் படுத்துவிட்டது. கதவு திறக்கவில்லை. அண்ணன் என் சட்டையைப் பிடித்தான். உதட்டோரம் நுரை, விரலெல்லாம் எச்சில். விமானத்தில் அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டர் வைத்திருப்பார்கள். பணிப்பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

முன் இருக்கையிலிருந்து அண்ணி கேட்டார். "உங்க அண்ணன் என்ன பண்றாரு, தம்பி?"

"தூங்குறாரு, அண்ணி."

காகிதக் கைக்குட்டையை எடுத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக என் சட்டையிலிருந்து விலக்கினேன். சட்டையை அன்றைக்கே எரித்துவிட்டேன்.

ஆமாம், ஐயா, நான்தான் கொன்றேன். ஆனால் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பறந்த நேரம் முழுக்க அவனுக்குக் காற்று இருந்தது. அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

தண்ணீர் வேண்டாம். இந்த டம்ளரில் யாரோ வாய் வைத்துக் குடித்திருக்கிறார்கள்.