ஸ்தபதி மேல் போர்த்திய ராஜா

சிலைக் குழுவுக்கும் இந்த அவைக்கும் தலைவரான தனசேகரன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சிலைக் குழுப் பெரியோர்களே, அனந்தபுரத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் ராஜம்மாள் அவர்களே, கடைகளைச் சாத்திவிட்டு வந்திருக்கும் செஞ்சிப் பெருமக்களே! ஜகபர் அலியின் கனத்த வணக்கம்.

துணிக்கடைக்காரனுக்கு இந்த மேடையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். சிற்பக் கலைச்செம்மல் பச்சைமுத்து ஸ்தபதியின் பெருமையைப் பேச இங்கே புலவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது ஒரு துணியைப் பற்றி. அதோ, எனக்குப் பின்னால் தொங்குகிறதே, அந்தத் துணியைப் பற்றி.

நம் ஊருக்குத் தேசிங்கு ராஜாவின் சிலை வேண்டும் என்று குழு அமைத்தோம். மலையடிவாரத்தில் கல் வந்து இறங்கிவிட்டது. சிலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக முதலில் துணியில் கரியால் வரைந்துகொள்வது ஸ்தபதியின் வழக்கம். பிறகு துணியைக் கல்லின் மேல் விரித்து, கோடுகளைக் கல்லுக்கு இறக்குவார். என் கடைக்கு வந்து காடாத் துணி வாங்கினார். அகலம் போதாதென்று கடை வாசலில் இருக்கும் தையல்காரரிடம் கொடுத்து இரண்டு அகலத்தையும் சேர்த்துத் தைத்துக்கொண்டார்.

வாங்கிப் போனவர் எங்கே போய் உட்கார்ந்தார் தெரியுமா? பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜட்கா நிறுத்தத்தில். ரியாசுதீன் பாயின் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய்க்குச் சவாரி கிடைத்தால் இவருக்கு முகம் வாடிவிடும். குதிரை போய்விடுகிறதே.

வரைந்து எடுத்து வந்து எங்கள் முன்னால் விரித்தார். நாங்கள் எதிர்பார்த்தது என்ன? தாவும் குதிரை, ஓங்கிய வாள், முறுக்கிய மீசை. அவர் வரைந்திருந்தது என்ன? மீசை முளைக்காத ஒரு பையன். பக்கத்தில் நிற்கும் குதிரை. அதன் கழுத்தில் அவன் கை. குதிரை ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றியிருந்தது.

"இன்னா ஸ்தபதியாரே, ராஜா சண்டைக்குப் போறாரா, குதிரைக்குப் புல்லு வைக்கப் போறாரா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்தபதி கோபப்படவில்லை. "காலண்டர்ல இருக்கற குதிரைதாங்க எப்பவும் தாவிக்கினே இருக்கும். உயிரோட இருக்கறது நின்னா ஒரு காலைத் தளத்திக்கும். தோக்கப் போறோம்னு தெரிஞ்சேதான் அந்தப் புள்ள கிளம்புச்சு. குதிரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஏறியிருக்குமா?" என்றார்.

நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. படத்தில் வீரம் இல்லை, பட்டணத்திலிருந்து வேறு சிற்பியைக் கூப்பிடலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. அவர் படம் உள்ளே போகும்படி துணியை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த கூட்டம் கூடுவதற்குள் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது. எத்தனை கோயில்களுக்குத் தூண் நிறுத்திய கை! இனி அந்தக் கையை எங்கே போய்த் தேடுவோம்?

அன்று அவருடைய மைத்துனர் அரிகிருஷ்ணன் என் கடையில்தான் கோடித் துணி வாங்கினார். வீட்டில் ஒரே கடையின் துணி இரண்டு, ஒரே மாதிரி மடித்துக் கிடந்தது. அழுகைக்கும் கூட்டத்துக்கும் நடுவே யாருக்கு வித்தியாசம் தெரியும்? அவர் மேல் குற்றமில்லை. எடுத்துப் போர்த்திவிட்டார். அதன் மேல் மாலைகள் விழுந்தன. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

பாடை திண்டிவனம் சாலையில் திரும்பும்போது காற்றில் துணியின் ஓரம் புரண்டது. நான் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஸ்தபதியின் காலருகே ஒரு குதிரையின் குளம்பு தெரிந்தது. நுனி மட்டும் தரையில் ஊன்றிய குளம்பு.

பாடையை இறக்கினோம். ஊருக்கு இருந்தது அந்த ஒரே படம்தான். இன்னும் சற்று நேரத்தில் அவரோடு எரிந்துவிடும். ஆனால் போர்த்திய துணியை எப்படி உருவுவது? "பொணத்து மேல போட்டத எடுக்கக் கூடாது" என்றார்கள் உறவுக்காரர்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். ஸ்தபதியின் மனைவி ராஜம்மாளைக் கேட்டு வர ரியாசுதீன் பாய் ஜட்காவை ஓட்டிக்கொண்டு போனார். நடுரோட்டில் ஸ்தபதி காத்திருந்தார். எங்களுக்காக அவர் காத்திருப்பது என்ன புதிதா?

பாய் ஒரு புடவையோடு திரும்பி வந்தார். அந்த அம்மாவின் கல்யாணக் கூரைப்புடவை. சொல்லியனுப்பியதை அப்படியே சொன்னார்.

"அது அவரு மேல போத்தறதுக்கு வரைஞ்சது இல்ல, கல்லு மேல போடறதுக்கு வரைஞ்சது. எடுத்துக்கச் சொல்லு. அவருக்கு இதப் போத்தச் சொல்லு. அவரு வரைஞ்சபடியே செய்வாங்களான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கினு வா."

ஆம்பளைக்குப் புடவையா என்று ஒரு குரல் எழுந்து அடங்கியது. துணியை எடுத்தோம். படத்தின் கரி ஸ்தபதியின் இரண்டு கைகளிலும் ஒட்டியிருந்தது. துடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வேலை முடித்துக் கை கழுவாமல் படுத்தவர்போல, அந்தக் கரியோடுதான் அவர் போனார்.

ஆனால் பெருமக்களே, அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அன்று யார் பதில் சொன்னோம்? தலைவர் இருந்தார், குழுவினர் இருந்தோம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பாய் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

இன்று பதில் சொல்லாமல் இந்தக் கூட்டம் கலையக் கூடாது. தலைவர் அவர்களே, நேற்று இந்தத் துணியோடு உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டேன். நீங்கள் வெகுநேரம் அந்தப் பையனின் முகத்தையே பார்த்துவிட்டுத் தலையசைத்தீர்கள். அந்தத் தலையசைப்பை நம்பி ஊரறியச் சொல்கிறேன். மீசை வராது. வாள் ஓங்காது. குதிரை தாவாது. பச்சைமுத்து ஸ்தபதி போட்ட கோட்டில் ஒரு நூல் பிசகாமல் அவருடைய பட்டறை ஆட்கள் அந்தக் கல்லைச் செதுக்குவார்கள்.

ராஜாவின் மார்பில் மஞ்சள் கறை தெரிகிறது, பாருங்கள். துவைக்கலாம் என்றார்கள். துவைத்தால் கரி போய்விடும். கறை இருக்கட்டும்.

ஒன்று சொல்லி அமர்கிறேன். சிலை திறக்கும் நாளில் அதைத் துணியால் மூடி வைப்போம் அல்லவா? என் கடையில் பட்டு இருக்கிறது. ஆனால் அன்று இந்தத் துணிதான் மூடும். அதை விலக்க மந்திரி வேண்டாம். தாலி இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னே நிற்பதா என்று யாராவது கேட்டால், அவர்கள் என்னிடம் வரட்டும். ஒருமுறை ஸ்தபதியிடமிருந்து அந்தத் துணியை எடுத்து ஊருக்குக் கொடுத்தவர் ராஜம்மாள். ராஜாவிடமிருந்தும் அவர்தான் எடுக்க வேண்டும்.

அம்மா, நீங்கள் கேட்டனுப்பியதற்கு இதுதான் பதில்.