கேதீசன் திறந்து பார்க்காத கோப்பு

எழுத்துப்பிழை பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகும் நாவற்குடா வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கேதீசனும் அவன் நண்பர்கள் ஜொய்சனும் சஹ்லாவும் பாடசாலைக் கணினிகளுக்காக ஓர் இலவச இயங்குதளம் செய்தார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். அதனுடன் ‘நூலகம்’ என்றொரு கோப்புறையும் போகும். தேவாரம், வேதாகமம், குர்ஆன் மொழிபெயர்ப்பு, கட்சிகளின் பழைய அறிக்கைகள் எல்லாம் அதில் இருந்தன.

“கணினியப் போட முதல் செபமும் சொல்லோணுமாடா?” என்று ஜொய்சன் கேலி செய்தான்.

“நீ செஞ்ச வேலைக்குச் சொல்லத்தான் வேணும்,” என்றாள் சஹ்லா.

ஒருவர் தரும் நூலை மற்றவர் மறுப்பதில்லை என்பது அவர்களுடைய வழக்கம். பிழை திருத்துவது நான். வெளியிடுவது கேதீசன், பொறுப்பாளர் என்று அவன் பெயர் மட்டுமே இருக்கும்.

“நீங்க பாத்தாக் காணும் ரீச்சர், நான் திறந்தும் பாக்கமாட்டன்,” என்பான். ஆரையம்பதியிலிருந்து வரும்போதெல்லாம் எனக்கு இறால் கொண்டுவருவான். நல்ல பிள்ளை.

அவன் தகப்பன் விநாயகமூர்த்தி மாஸ்டர் இப்போது கோயில் தலைவர். 2006இல் நாங்கள் இருவரும் மாங்கேணிப் பக்கம் படிப்பித்தோம். சண்டைக்கு இயக்கத்துக்குப் பிள்ளைகளைக் கேட்டு, மாஸ்டர் பெயர் போடாமல் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினார். அதை வாசித்துவிட்டு என் மகன் நிரோசன் சைக்கிளை வேலியில் சாத்தி, அதில் ஒரு தாளைச் செருகிவிட்டு இயக்கத்துக்குப் போனான். பதினாறு வயது. உடல்கூட வரவில்லை.

சென்ற மாசியில் அந்தப் பிரசுரத்தைத் தட்டச்சு செய்து, ‘கந்தபுராணச் சுருக்கம்’ என்று பெயரிட்டு நூலகத்தில் சேர்த்தேன். கேதீசன் திறக்காமலே வெளியிட்டான். நாற்பது பாடசாலைகளுக்குப் போனது. தடைசெய்த இயக்கத்தின் பிரசுரம் அதில் இருக்கிறதென்று பிறகு பொலிசுக்கு ஒரு மொட்டைக்கடிதம் எழுதினேன். அவனைக் கொண்டுபோனார்கள்.

மாஸ்டர் என்னிடம் வந்தார்.

“அது ஆர் எழுதினதெண்டு உங்களுக்குத் தெரியும். நான் என்ன செய்ய ரீச்சர்?”

“உண்மையச் சொல்லுங்க மாஸ்டர்.”

பொலிசில் போய்ச் சொன்னார். மகனைக் காப்பாற்றத் தகப்பன் பொய் சொல்கிறார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி வந்தார்.

“என்ர கையெழுத்துப் பிரதி, அண்டைக்குப் பிழை பாக்கத் தந்தனே, கிடக்கா?”

“இல்ல மாஸ்டர். தேத்தண்ணி குடிங்க.”

குடித்தார். பிரதி இரும்புப் பெட்டிக்குள், நிரோசனின் பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே இருந்தது. அவர் படலையைத் தாண்டியதும் அடுப்பில் வைத்தேன்.

ஆடியில் கேதீசன் மறியல் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டான். செத்த வீட்டுக்கு நானும் போனேன். மாஸ்டருக்கு உடலாவது கிடைத்தது.

பழிக்காகத்தான் பிரதியை எரித்தேன். வேறு காரணம் இல்லை. மாஸ்டரின் நீல எழுத்துக்கு நடுவே, சப்பென்று இருந்த ஒரு வரியை வெட்டி, அன்று நான் சிவப்பு மையில் வேறு வரி எழுதியிருந்தேன்: ‘பிள்ளையைத் தராத தாய் மலடி.’ சைக்கிளில் நிரோசன் செருகிவிட்டுப் போன தாளில் அவன் எழுதியிருந்ததும் அந்த ஒரு வரிதான்.