அப்பாவுக்கு ஒரு ஃபோம், அம்மாவுக்கு ஒரு ஃபோம்

தவமணி: கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. நம்ம புள்ளையச் சோதிக்கிற மிஸ் என்ன சொல்லிட்டுப் போனாங்க? அம்மாவுக்கு ஒரு ஃபோம், அப்பாவுக்கு ஒரு ஃபோம். ஒருத்தரப் பாத்து ஒருத்தரு எழுதக் கூடாதுன்னாங்கல்ல?

சிவஞானம்: யாரு பாத்தா? கழுத்து சுளுக்கு. இந்தப் பதுளைக்கு வாறதுக்கு கொஸ்லந்தையிலருந்து பண்டாரவளை வரைக்கும் பஸ்ஸுல நின்னுகிட்டு வந்தது.

தவமணி: சுளுக்கு என் ஃபோம் பக்கமாத்தான் திரும்புமோ?

சிவஞானம்: சரி சரி... நீ எழுது. எத்தனாவது கேள்வி?

தவமணி: ரெண்டு. எனக்கு வாய்விட்டு வாசிச்சாத்தான் மண்டையில ஏறும். நீங்க காதப் பொத்திக்குங்க.

சிவஞானம்: பொத்திக்கிட்டேன். வாசி.

தவமணி: "பிறந்தபோது பிள்ளையின் நிறை எவ்வளவு?"

சிவஞானம்: ரெண்டு தசம் ஏழு கிலோ!

தவமணி: பொத்துன காதுல இது மட்டும் விழுந்துச்சாக்கும்?

சிவஞானம்: நம்பருன்னா நமக்கு மறக்காது புள்ள. எழுதிட்டேன். அடுத்தது?

தவமணி: மூணு. "எத்தனை மாதம் தாய்ப்பால் கொடுத்தீர்கள்?"

சிவஞானம்: இத என்னையுமா கேக்குறாங்க?

தவமணி: அப்பனுக்கு அக்கறை இருக்கான்னு பாக்குறாங்க போல.

சிவஞானம்: பதினெட்டு மாசம். எனக்கா தெரியாது? இந்தா, எழுதியாச்சு.

தவமணி: எங்க, உங்க ஃபோமக் காட்டுங்க பாப்போம்.

சிவஞானம்: ம்ஹூம்! மிஸ் என்ன சொன்னாங்க? பாக்கக் கூடாது!

தவமணி: ரொம்பத்தான்... நாலு. "பிள்ளை பகலில் தூங்குவதுண்டா?" இல்லை, சில நேரம், அடிக்கடி. மூணு கட்டம் போட்டிருக்கு. நா கடைசிக் கட்டத்துல போடுறேன்.

சிவஞானம்: நானும் அதத்தான் நெனச்சேன்.

தவமணி: அஞ்சு. "வலிப்பு வந்ததுண்டா?" இல்ல. மொதக் கட்டம்.

சிவஞானம்: மொதக் கட்டம். சாமி புண்ணியம்.

தவமணி: ஆறு. "பொருட்களை வைத்த இடத்தை மறந்துவிடுவாரா?" ...இது மதுஷாவப் பத்தியா, உங்களப் பத்தியா?

சிவஞானம்: ஏய்...

தவமணி: "ஓரிடத்தில் அமைதியாக இருக்க முடியாமல் அசைந்துகொண்டே இருப்பாரா?" ஐயோ, இந்த மிஸ் நம்ம லயத்து வீட்டுக்கு வந்து உங்களப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்காங்க!

சிவஞானம்: சிரிக்காத தவம், எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க... நா இதுல ஏதும் பிழையா எழுதிட்டா மதுஷாவுக்கு ஒண்ணும் ஆகாதே?

தவமணி: ஏன் ஆகாது? மிஸ் குடுக்குற ரிப்போட்டக் காட்டுனாத்தான் வகுப்புல அவளுக்குக் கேள்விய வாசிச்சுக் காட்டுவாங்க. இல்லாட்டி, புள்ள சோம்பேறி, தை மாசம் திரும்ப மூணாம் வகுப்புலதான் போடுவோம்னு டீச்சர் சொல்லிட்டாங்கல்ல.

சிவஞானம்: சோம்பேறியாம்! ரைஸ்குக்கர முழுசாக் கழட்டி மாட்டுனவளா சோம்பேறி?

தவமணி: மாட்டுனப்புறம் நாலு ஆணி மிஞ்சிக் கெடந்துச்சே.

சிவஞானம்: சோறு வேகுதா இல்லியா?

தவமணி: வேகுது, வேகுது... ஸ்... மிஸ் வாறாங்க.

முஹ்ஸினா: முடிஞ்சுதா? மதுஷா உள்ள படம் கீறிட்டு இருக்கா. ரெண்டு பேரும் ஃபோமத் தாங்க.

சிவஞானம்: இந்தாங்க மிஸ். எல்லாக் கேள்விக்கும் எழுதியிருக்கேன். ஒண்ணுகூட விடல.

முஹ்ஸினா: நல்லது... ம்... ஐயா, நீங்க மதுஷாவோட சொந்த அப்பாதானே?

சிவஞானம்: என்ன மிஸ் இப்படிக் கேட்டுட்டீங்க!

முஹ்ஸினா: உங்களுக்கு வயசு பதினெட்டா?

தவமணி: என்னது?

முஹ்ஸினா: "உங்கள் வயது" என்ற இடத்துல பதினெட்டுன்னு போட்டிருக்காரு. பிள்ளைக்கு ஒம்பது வயசு.

தவமணி: அப்படின்னா இவருக்கு ஒம்பது வயசுல... ஐயோ, என்னால முடியல...

முஹ்ஸினா: இருங்க, இன்னும் ஈக்குது. பிள்ளைகள் எத்தனை பேர்? ரெண்டு தசம் ஏழு.

தவமணி: வீட்டுல ஒண்ணுதான் இருக்கு மிஸ்! மத்த ஒண்ணும் அந்தத் தசம் ஏழும் எந்த லயத்துல வளருதுன்னு கேளுங்க!

சிவஞானம்: சும்மா இரு புள்ள... மிஸ், ரெண்டு பேருக்கும் ஒரே ஃபோம் இல்லீங்களா?

முஹ்ஸினா: இல்லையே. தாய்கிட்ட கேக்குறது வேற, தகப்பன்கிட்ட கேக்குறது வேற. மேலயே பெரிசா எழுதி ஈக்குதே.

சிவஞானம்: கண்ணுல... படல.

முஹ்ஸினா: சிரிச்சாலும் நாலாவதுல எனக்குப் பயம் வந்துட்டுது. "பிள்ளையை அடிப்பீர்களா?" அடிக்கடி.

சிவஞானம்: ஐயோ! மாரியம்மா சத்தியமா என் கை அவ மேல பட்டதே இல்ல மிஸ்!

தவமணி: உண்மைதான் மிஸ். இவரு கொசுவக்கூட கெஞ்சித்தான் வெரட்டுவாரு.

முஹ்ஸினா: அப்ப அஞ்சாவது? எனக்கு ஆக முக்கியமானது இதுதான். "சிறுவயதில் உங்களுக்கு வாசிக்க, எழுதச் சிரமம் இருந்ததா?" இல்லைன்னு ஈக்குது. இதாவது சரியா? ஏன் கேக்குறேன்னா, நான் ஒரு கதை சொன்னேன். மதுஷா ஒரு சொல் விடாம திருப்பிச் சொன்னா. கட்டைகளக் குடுத்து இதே மாதிரி அடுக்குன்னு சொன்னா, நான் மணிக்கூட்டப் பாக்க முந்தி முடிச்சிட்டா. எழுத்தக் காட்டினா மட்டும் அப்படியே நின்னுட்டா. இது மக்குத்தனமும் இல்ல, சோம்பலும் இல்ல. வாசிப்புல மட்டும் வாற ஒரு சிக்கல். நிறையப் பேருக்குக் குடும்பத்துலருந்து வாறது.

சிவஞானம்: குடும்பத்துல யாருக்குமே இல்லாட்டி... ரிப்போட்டுக் குடுக்க மாட்டீங்களா?

முஹ்ஸினா: குடுப்பேன். ஆனா இன்னும் ரெண்டு மூணு தரம் வரச் சொல்லிப் பாத்துட்டுத்தான் உறுதியா எழுதலாம்.

சிவஞானம்: தை மாசத்துக்குள்ள...

முஹ்ஸினா: ஏலாது ஐயா.

தவமணி: என்னங்க... மிஸ் காத்துகிட்டு நிக்கிறாங்க.

சிவஞானம்: தவம், நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாயேன்.

தவமணி: நா போகல.

சிவஞானம்: ...மிஸ். அதும் பிழை.

முஹ்ஸினா: எது?

சிவஞானம்: அஞ்சாவது. எனக்கு வாசிக்கத் தெரியாது மிஸ். எழுத்து ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. ஒண்ணு ரெண்டு எழுத்தப் புடிக்கிறதுக்குள்ள மொத எழுத்து மறந்துபோவும். நாலாம் வகுப்புல கரும்பலகைகிட்ட நிக்க வச்சு, எல்லாப் புள்ளைங்களும் சிரிச்சுச்சுங்க. அதோட பள்ளிக்கூடம் போறத விட்டேன். தேயில ஃபெக்டரியில ரோலரு மெசினு ஓடுற சத்தத்தக் கேட்டே எந்த நட்டு லூஸுன்னு சொல்லிடுவேன். பஸ்ஸுல எழுதியிருக்குற ஊருப் பேரத்தான்... பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட கேட்டுக்குவேன்.

முஹ்ஸினா: ஐயா...

சிவஞானம்: மதுஷா புத்தகத்தத் தூக்கிகிட்டு வந்து, "அப்பா, இத வாசிச்சுக் காட்டு"ன்னு நிப்பா. நா தண்ணிக் குழாயப் பாக்கணும்னு ஓடிடுவேன். என் சாபம்தான் அவளுக்கும் ஒட்டிக்கிச்சுன்னு தனியாப் போயி அழுதிருக்கேன் மிஸ். அத இந்தக் கடுதாசியில எழுதுங்க. கையெழுத்து வேணும்னாலும்... அது மட்டும் போடத் தெரியும்.

முஹ்ஸினா: சாபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு மிச்சம் சந்தோசம் ஐயா. இந்த ஒரு பதில்தான் தேவைப்பட்டது. இந்தக் கிழமையே ரிப்போட் எழுதித் தாறேன்.

சிவஞானம்: இந்தக் கிழமையேவா!

முஹ்ஸினா: ஓம். இன்னொண்டு. மெசின்ட சத்தத்துலயே பிழையக் கண்டுபிடிக்கிறீங்கல்ல? கட்டை அடுக்குற மூளையும் அவளுக்கு உங்ககிட்டருந்துதான் வந்திருக்கும்.

சிவஞானம்: அதும் எங்கிட்டருந்தா? தவம்! கேட்டியா? அதும் எங்கிட்டருந்தாம்!

தவமணி: கேட்டேன், கேட்டேன். பதுளை பூரா கேட்டிருக்கும்.

முஹ்ஸினா: நான் புது ஃபோம் ஒண்ணு எடுத்துட்டு வாறேன். நான் வாசிக்கிறேன், நீங்க வாயால சொல்லுங்க. வயசையும் யோசிச்சு வைங்க.

சிவஞானம்: முப்பத்தஞ்சு மிஸ்! முப்பத்தஞ்சு!

தவமணி: மெதுவா. மிஸ் உள்ள போயிட்டாங்க.

சிவஞானம்: ...தவம்.

தவமணி: ம்.

சிவஞானம்: கோவமா?

தவமணி: ம்ஹூம்.

சிவஞானம்: பத்து வருசமா உங்கிட்ட மறைச்சிட்டேன். சொன்னா விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயம். நீ ஓ லெவல் பரீட்சை எழுதுனவ.

தவமணி: ரெண்டு பாடத்துல ஃபெயிலு.

சிவஞானம்: இருந்தாலும்... சொல்றதோட சொல்றதா இன்னும் ஒண்ணையும் சொல்லிடுறேன். திட்டக் கூடாது.

தவமணி: சொல்லுங்க.

சிவஞானம்: கல்யாணத்துக்கு முந்தி உனக்கு லெட்டரு குடுத்தேனே... அது ஒண்ணும் நா எழுதுனது இல்ல. நா சொல்லச் சொல்ல என் கூட்டாளி பொன்னையா எழுதுனான். நீ போட்ட பதிலையும் அவன்தான் வாசிச்சுக் காட்டுவான். ஆனா ஒண்ணு, உன் மேலயும் எனக்கு ஒரு கொறை இருக்கு. நா உருகி உருகிச் சொல்லியிருப்பேன். நீ என்னடான்னா, "இங்கு நல்ல மழை, இன்று கொழுந்து குறைவு, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்". ஒரு லெட்டருலயாவது ஆசையா ஒரு வரி எழுதுனியா?

தவமணி: எப்படி எழுதுறது? பொன்னையா அண்ணன் சத்தம் போட்டுல்ல வாசிப்பாரு... எனக்கு வெக்கமா இருக்காதா?