ஆறாம் கட்டிலின் இரும்புப் பெட்டி

என் பெயரும் வீட்டு விலாசமும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்து மூன்று. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், கீழ்த்தள ஆண்கள் வார்டில் பதினோரு வருடமாக நர்ஸாக வேலை பார்த்து வருகிறேன். கணவர் பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள். கீழே சொல்வதை யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

எங்கள் வார்டில் பதினான்கு கட்டில்கள். ஆறாம் கட்டிலில் இருந்தவருக்கு எண்பத்தொரு வயது, ஞாபக மறதி நோய். தினமும் காலையில் வார்டுக் கதவருகே போய் விறைப்பாக நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம் "யாரது?" என்று அதட்டுவார். "நம்ம ஆளுதான்" என்றால்தான் வழிவிடுவார். பெரிய டாக்டரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். அதனால் அவரைக் காவல்காரர் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். பக்கத்து ஏழாம் கட்டிலில் இருப்பவர் வெடிகுண்டு அகற்றும் பிரிவில் வேலை செய்து இரண்டு கண்களையும் இழந்தவர். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே மாட்டார். கூலிங் கிளாஸ் என்பது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர்.

கடந்த திங்கட்கிழமை காவல்காரரின் மகள் ஓர் இரும்புப் பெட்டியைக் கொண்டு வந்தார். அப்பா ஒரு வாரமாக "என் பெட்டி எங்கே" என்று அழுகிறார் என்று நான்தான் அவருக்குப் போன் செய்திருந்தேன். பெட்டி பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று தெரியவில்லை, உள்ளே பழைய துணியும் போட்டோவும்தான் இருக்கும், அம்மா இருந்த காலத்திலிருந்தே யாரும் திறந்ததில்லை என்று மகள் சொன்னார். வெளிப்பொருள் எதுவானாலும் திறந்து பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும் என்பது விதி. நான் திறக்கவில்லை. பதிவேட்டில் "துணிகள், புகைப்படங்கள்" என்று எழுதி, "சரிபார்க்கப்பட்டது" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு பெட்டியை ஆறாம் கட்டிலுக்கு அடியில் நானே தள்ளி வைத்தேன்.

சம்பவம் நடந்தது வியாழக்கிழமை. காலை பத்து இருபத்தைந்து இருக்கும். நான் எட்டாம் கட்டில்காரருக்குக் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். மாடியில் குழாய் மாற்றும் ஆட்கள் துளை போடும் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினார்கள். கூரை அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் ஏதோ சின்னதாகத் தரையில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. தோடு விழுந்த மாதிரி இருந்தது. நான் என் காதைத் தொட்டுப் பார்த்தேன். அப்போது கூலிங் கிளாஸ், "சிஸ்டர், அது வளையம். அவர் கையில என்ன இருக்குன்னு பாரு" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பெட்டி திறந்து கிடந்தது. காவல்காரர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் வலது கையில் கையெறி குண்டு இருந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சிறியது. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு என்று நான் சொன்னதும் கூலிங் கிளாஸ், "பக்கத்துல ஒரு தகடு இருக்கும். அது கிளம்பாம அவர் கைமேல உன் கைய வச்சு அழுத்து. பிடுங்காத" என்றார். நான் போனேன். "யாரது?" என்றார் காவல்காரர். "நம்ம ஆளுதான்" என்று சொல்லி, அவர் கைமேல் என் இரண்டு கைகளையும் வைத்து மூடினேன்.

அதன் பிறகு வார்டு உதவியாளரும் மற்ற இரண்டு நர்ஸுகளும் நோயாளிகளை வெளியேற்றினார்கள். நடக்க முடியாதவர்கள் ஐந்து பேரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கூலிங் கிளாஸ் மட்டும் போக மறுத்தார். "நான் போயிட்டா அவளுக்கு யாரு சொல்லித் தர்றது?" என்று உதவியாளரைத் திட்டி அனுப்பிவிட்டு, தூணுக்கு மறுபக்கம் தரையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெளியேற்றியவர்களை எல்லாம் ஜன்னலுக்கு நேர் எதிரே உள்ள முற்றத்தில் நிறுத்திவிட்டார்கள். பதற்றத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. காவல்காரர் அந்த உருவங்களைப் பார்த்துவிட்டார். "வந்துட்டாங்க தம்பி. எறிஞ்சிடலாம், கைய விடு" என்றார். என்னைத்தான் தம்பி என்றார். "இன்னும் கிட்ட வரல, பொறுங்க" என்றேன். அவர் எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் அதையே சொன்னேன். தினமும் நான் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடும் மனிதர். அன்று அவர் கையில் அவ்வளவு பலம் இருந்தது. ஒரு தடவை என் காதருகே குனிந்து, "அன்னிக்கு மூணு பேரை விட்டுட்டு ஓடி வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். அந்த மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியாது.

சுமார் இருபது நிமிடம் கழிந்திருக்கும். என் விரல்கள் மரத்துப்போயின. அப்போது நான் கூலிங் கிளாஸிடம், "கைய விட்டா எத்தனை வினாடி?" என்று கேட்டேன். அவர், "நாலுன்னு வச்சுக்க. பழைய சரக்கு, அதுவும் நம்ப முடியாது. அங்கேருந்து கதவுக்கு நீ ஒன்பது எட்டு வைக்கணும். தினமும் நீ நடக்கறது எனக்குக் கேக்கும்" என்றார். அதன் பிறகு, "போறதுன்னா சொல்லிட்டுப் போ, சிஸ்டர். தப்பா நினைக்க மாட்டேன்" என்றார். என்னைத் தைரியசாலி என்று பத்திரிகையில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அந்த ஒன்பது எட்டையும் மனதுக்குள் நடந்து பார்த்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. என்னைப் பிடித்து நிறுத்தியது என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதினொன்று பத்துக்கு வெடிகுண்டு நிபுணர் வந்தார். கனத்த உடை போட்டிருந்தார். அவரிடமும் காவல்காரர் "யாரது?" என்றார். நிபுணர் விழித்தார். நான் சொல்லிக்கொடுத்ததும் அவரும் "நம்ம ஆளுதான்" என்றார். தகட்டின் துளையில் ஒரு கம்பியைச் செருகிவிட்டு, "இப்ப விடலாம்மா" என்றார். எனக்கு விட முடியவில்லை. என் விரல்களை அவர் ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்தார். காவல்காரர் எழுந்து நின்று அவருக்கு சல்யூட் அடித்தார். அவருடைய வேட்டி நனைந்திருந்தது. நான் மாற்றிவிட்டேன்.

அதன் பிறகு எங்களையும் முற்றத்துக்குக் கூட்டிப் போனார்கள். காவல்காரரின் மகள் வந்திருந்தார். இரண்டு வருடமாக அவரை அப்பாவுக்கு அடையாளம் தெரிந்ததில்லை. குண்டைச் சலவைக்கூடத்துக்குப் பின்னால் குழி தோண்டி வெடிக்க வைக்கப் போகிறார்கள் என்று ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். நோயாளிகளுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பன்னிரண்டேகால் மணிக்கு வெடித்தது. சலவைக்கூடத்துக் கண்ணாடிகள் நொறுங்கின. அடுத்த கணம் முற்றத்தில் இருந்த கிழவர்கள் அத்தனை பேரும் தரையில் கிடந்தார்கள். இரண்டு காலும் இல்லாதவர் சக்கர நாற்காலியிலிருந்து தாவிக் குப்புற விழுந்திருந்தார். கூலிங் கிளாஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு புல்லில் முகம் புதைத்திருந்தார். ஒருவர்கூடக் கத்தவில்லை. நின்றுகொண்டிருந்தவர்கள் டாக்டர்களும் நர்ஸுகளும் மட்டும்தான். யாரை முதலில் தூக்குவது என்று தெரியாமல் நாங்கள் அப்படியே நின்றோம்.

காவல்காரர் தன் மகளைக் கீழே தள்ளி, அவர்மேல் படுத்து, அவர் தலையை இரண்டு கைகளாலும் மூடியிருந்தார். விலக்கித் தூக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். தூக்கும்போதுதான் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மகளைக் காட்டி, "இந்தப் பொண்ணு யாரு? இங்கெல்லாம் எதுக்கு வரா? வீட்டுக்கு அனுப்பு" என்று என்னிடம் சொன்னார். மகள் ஆடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டவில்லை. "போறேன்ப்பா" என்றார். அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் காவல்காரருக்கு நினைவு தப்பியது. மறுநாள் முற்பகல் இறந்துபோனார்.

தலைமை நர்ஸ் என்னிடம், "பெட்டி உள்ளே வந்ததே உனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு, வாயிற்காவலாளி பார்த்துக்கட்டும்" என்றார். எனக்குத் தெரியும். வாயிற்காவலாளி திறந்து காட்டச் சொன்னபோது வார்டில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி வாங்கி வந்ததும் நான்தான். சாவி காவல்காரரின் கழுத்துக் கயிற்றில் இருந்தது. இரண்டு வருடமாகத் தினமும் அவரைக் குளிப்பாட்டும்போது அதைத் தள்ளிவிட்டுத்தான் சோப்பு போடுவேன். அது எதன் சாவி என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. மகளுக்கு அந்தச் சாவி பற்றித் தெரியாது. அவர்மேல் வழக்குப் போட வேண்டாம்.

மேலே எழுதியதை விசாரணை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் வலது கை விரல்கள் இன்னும் சரியாக நிமிரவில்லை. ஆகவே இடது கையால் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)